இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபிறகு என் இடது கால் அடிக்கடி ஏமாந்துபோனது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பழைய அமெரிக்கக் காரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினேனோ இல்லையோ, அது என்னைக் கேட்காமலே முன்னால் நீண்டு கிளச்சைத் தேடும். அங்கே கிளச்சு இல்லை. மிதித்தால் வெறும் தரைதான். பொள்ளாச்சி பஸ் பட்டறையில் வருஷக்கணக்காக மிதித்துப் பழகிய கால், சொன்னால் கேட்கிற ஜாதியா அது? இந்தக் காரில் கியர் தானே மாறிக்கொள்ளும். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தமே பட்டைகளையும் தகடுகளையும் இறுக்கியும் தளர்த்தியும் வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட்டுவிடும். ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இந்தப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இதைச் சொன்னேன். "மாடில்லாத வண்டி வந்துச்சு, செரி. கியர் போடாத வண்டியுமா? மலைக்குப் போயி காதரு நல்லாப் புளுகக் கத்துக்கிட்டானப்பா" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வண்டியின் பெட்டியைப் பிரித்து மாட்டியவன் நான். அதனால் எனக்கு வந்ததையும் என்னை விட்டுப் போனதையும் ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் பிழைப்புக்கு மலையேறியவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொச்சி ராஜ்யத்தில் இருந்த ஊர். சர்க்கார் கச்சேரியில் மலையாளம், சந்தையில் தமிழ், பள்ளிவாசலில் இரண்டும். கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்கிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் கடலைக்காட்டு மண் செருப்பையும் தாண்டிச் சுடும். இங்கே சித்திரையிலும் காலையில் மூச்சு புகையாக வருகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தால் காலில் அட்டை தொங்குகிறது. தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் "ஏனுங்க, போலாமுங்களா" என்றால் அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று "போலாமுங்க, போலாமுங்க" என்று பின்பாட்டுப் பாடும். அவர்களுக்கு நான் மலையாளத்து ஆள். ஆபீசில் கணக்கெழுதும் குரியனோ கோட்டயத்துக்காரர். அவருக்கு நான் பாண்டிக்காரன், அதாவது தமிழன். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்ப் பக்கம் போகுமா, மலையாளப் பக்கம் போகுமா என்று லயங்களில் ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. இரண்டு பக்கத்தாரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஒருவன் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அந்நியனாக இருக்க முடியும் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. பேச ஆளில்லாமல் ஸ்பானரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பதில் சொல்லாதே தவிர, அது எதிர்த்தும் பேசாது.

அத்தா, என் தகப்பனார், சந்தையில் தானியக் கடைக்காரர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தராசு பிடித்தவர்கள். நான் ஒருவன்தான் கையில் கிரீஸ் பூசிக்கொண்டவன். யுத்த காலத்தில் அசாம் பக்கத்து ராணுவப் பட்டறைக்கு ஓடிப்போனேன். திரும்பி வந்து பொள்ளாச்சியில் பஸ் வேலை. பிறகு தேயிலைக் கம்பெனியில் பிட்டர் வேலை என்றதும் மலையேறிவிட்டேன். மனைவி நூர்ஜஹானும் மகள் ஜமீலாவும் அத்தா வீட்டில் இருந்தார்கள். இங்கே எனக்குக் கிடைத்தது பாக்டரிக்குப் பின்னால் இரண்டு பேரோடு பங்கு போட்டுக்கொண்ட ஒரு அறை. குடும்பத்தை அழைத்துவர வேண்டுமானால் கம்பெனி வீடு வேண்டும். வீடு காலியாக வேண்டுமானால் யாராவது வேலையை விட்டுப் போகவேண்டும். ஒருத்தரும் போகிறபாடாக இல்லை. போன நோன்புப் பெருநாளுக்கு லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. இந்த வருஷம் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் அத்தா ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: "ஒண்ணு கடையில வந்து உக்காரு. இல்லீன்னா பொண்டாட்டி புள்ளயக் கூட்டிட்டுப் போயி வெச்சுக்க. ரெண்டுங்கெட்டானா நிக்காதே. பெருநாளைக்குள்ள முடிவு சொல்லலீன்னா நூர்ஜஹானை அவ தாய் ஊட்டுக்கு அனுப்பி வெச்சிருவேன்." அத்தா வாக்குத் தவறாதவர். அதுதான் அவரிடம் பயம்.

அந்த நேரத்தில்தான் துரையின் கார் படுத்தது. அவர் மழைக்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு சீமைக்கே திரும்பிப் போவதாக இருந்தார். காரைப் போடியிலுள்ள ஏலக்காய் வியாபாரி ஒருவர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் அவர் கண் முன்னால் போடி மெட்டு ஏறிக் காட்டினால்தான் வாங்குவார். காரோ பாக்டரி மேட்டைக்கூட ஏற மறுத்தது. அதைப் பட்டறைக்கு ஓட்டிவந்தவர் துரையின் டிரைவர் யேசுவடியான். நாசரேத் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "பாய், காலைல எடுத்தா நல்லாத்தான் போகுது. கொஞ்ச தூரம் ஏறுனதும் எஞ்சின் கெடந்து கத்துது, சக்கரம் கேக்கமாட்டேங்கு. என்னன்னு பாருங்க" என்றார். அவர் முகத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பனின் களை இருந்தது. அந்தக் காரை அவர் அப்படித்தான் வைத்திருந்தார். தினம் காலையில் கழுவித் துடைத்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிய பிறகுதான் எடுப்பார்.

நான் ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் ஒழுங்காகப் போயிற்று. மேட்டில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிற இடத்தில் எஞ்சின் ஓலமிட்டது; வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தேன். உள்ளே பிடிமானம் இருந்தால் எஞ்சின் திணற வேண்டும். இது திணறவில்லை, சும்மா சுற்றியது. இறங்கி, எஞ்சின் ஓடும்போதே பெட்டியின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். கம்பியின் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. கீழே தட்டைக் கழற்றியபோது கறுப்புத் துகளும் கருகல் நாற்றமும் வந்தன. எண்ணெய் இல்லாமல் ஓடி, பட்டைகளும் தகடுகளும் வழுக்கி எரிந்துவிட்டன. அதில் சந்தேகமே இல்லை. அசாமில் பழுதுக்கு வந்த சில அமெரிக்க டாங்கிகளில் இதே மாதிரிப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் எங்கே போயிற்று? எண்ணெயைத் தடுக்கும் பின்பக்க ரப்பர் சீலில் கொஞ்சம் கசிவு இருந்தது. அந்தக் கசிவு பெட்டியைக் காலி செய்கிற கசிவு இல்லை.

துரை பட்டறைக்கு வந்து, பெட்டியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது வண்டியின் தப்பா, ஆளின் தப்பா? ஆளின் தப்பென்றால் அந்த ஆளை வேலையில் விட்டுவிட்டுப் போகமாட்டேன், அடுத்து வருகிறவருக்கு நான் செய்கிற கடமை அது என்றார். அவர் போனதும் குரியன் என் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் என்னைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறவர், அன்று சிரித்தார். "காதரே, தனக்கு வீடு வேண்டே? டிரைவர் போயால் ஆ வீடு தன்டெயாணு. தனக்கு வண்டியும் ஓட்டான் அறியாமல்லோ" என்றார். டிரைவர் போனால் அந்த வீடு உன்னுடையது, உனக்குத்தான் வண்டியும் ஓட்டத் தெரியுமே என்று அர்த்தம். யேசுவடியான் இருந்தது இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. வாசலில் ஒரு பேரிக்காய் மரம். அன்று முழுவதும் அந்த மரத்தடியில் ஜமீலா விளையாடுகிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் யேசுவடியான் மேல் தப்பிருக்கும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

அந்த வீட்டுக்கு நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். காரணம் நோன்பு. மலையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கிடையாது. மஞ்சு என்கிற பனிப்புகை மூடிவிட்டால் சூரியன் எப்போது இறங்கியது என்றுகூடத் தெரியாது. முதல் நாள் நான் பட்டறையில் தனியாகத் தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்ததை யேசுவடியான் பார்த்துவிட்டுப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் எஸ்தர் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். "நோம்புக்குக் கஞ்சி குடிப்பீங்களாமே தம்பி. எனக்கு எப்படின்னு தெரியாது. எங்க வீட்டுக் கஞ்சிய வச்சிருக்கேன்" என்று வெறும் அரிசிக் கஞ்சியும் புளித்துவையலும் வைத்தார். பூண்டும் வெந்தயமும் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள் என்று நான் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தேன். அடுத்த நாள் கை நிறைய வெந்தயத்தை அள்ளிப் போட்டுவிட்டார். அந்தக் கஞ்சியை வேப்பிலைக் கஷாயம் குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். "நல்லாருக்கா தம்பி?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றேன். அதனால் நான்கைந்து நாள் அதே கசப்பு. பிறகு அவரே ஒருநாள் வாயில் வைத்துப் பார்த்து, "அட பாவி மனுசா, இதையா குடிச்சீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மலையேறிய பிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெட்டியைப் பாக்டரியின் செயின் பிளாக்கில் தூக்கிக் கீழே இறக்கிப் பிரித்தேன். உள்ளே இரண்டு உருளைகள், அவற்றைச் சுற்றி இறுக்கும் எஃகுப் பட்டைகள், ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிய தகடுகள். பட்டையின் உள்பூச்சு கருகி வழுவழுத்துப் போயிருந்தது. வெறும் எஃகுத் தகடுகள் சூட்டில் நீலம் பாய்ந்து நெளிந்திருந்தன. பூச்சுப் போட்ட தகடுகளில் பூச்சே இல்லை. புதுச் சாமான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் துரை சீமை போய்ச் சேர்ந்துவிடுவார். நெளிந்த தகடுகளைக் கனத்த இரண்டு வார்ப்புப் பலகைகளுக்கு நடுவே இறுக்கிச் சூடுகாட்டி ஆறவிட்டு நேராக்கினேன். பட்டைக்குக் கோயமுத்தூரிலிருந்து நெய்த பிரேக் லைனிங் வரவழைத்து, பாதி கனத்துக்குச் சீவி ரிவிட் அடித்தேன். பூச்சுப் போன தகடுகளுக்குத்தான் வழி தெரியவில்லை. அப்போது பொள்ளாச்சிப் பட்டறையில் எண்ணெயில் ஊறும் மோட்டார் சைக்கிள் கிளச்சுக்குத் தக்கை அடைப்போமே, அது ஞாபகத்துக்கு வந்தது. தகட்டில் வட்ட வட்டமாகத் துளையிட்டுத் தக்கையைச் சொருகி, இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்துவிட்டால் எண்ணெயிலும் பிடிக்கும். ஆனால் இந்த மலையில் நல்ல தக்கைக்கு எங்கே போவது?

துரைமார் கிளப்புக்குத்தான் போகவேண்டும். கிளப்பு பட்லர் கொல்லைப்புறக் குப்பைக்குழியைக் காட்டினார். நோன்பு பிடித்த வாயோடு, தொப்பியும் தாடியுமாக, ஒயின் பாட்டில் தக்கைகளை நான் குனிந்து குனிந்து பொறுக்கினேன். அங்கே வந்த இரண்டு துரைமார் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். என்ன நினைத்துக்கொண்டார்களோ. எங்கள் பள்ளிவாசல் ஹஜரத் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. தக்கைகளை வாசம் போகும்வரை கொதிக்கவைத்துத்தான் கையால் தொட்டேன்.

துரைக்கு என் வேலை பிடித்துப்போயிற்று. ஒருநாள் மத்தியானம் அவரே பட்டறைக்கு ஒரு கோப்பைத் தேநீர் எடுத்து வந்து நீட்டினார். ஒரு பிட்டருக்குத் துரை கையால் தேநீர் என்பது இங்கே ஊர் பேசும் விஷயம். நான் எழுந்து நின்று, முடியாது சார், பட்டினி விரதம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "யாரை எதிர்த்து?" என்று கேட்டார். இந்த நாட்டில் பட்டினி கிடந்தவர்களால் அவர்கள் ராஜ்யமே கைவிட்டுப் போனதல்லவா, அந்தப் பயம். யாரையும் எதிர்த்து இல்லை, கடவுளுக்காக என்றேன். அவர் அதையும் நம்பவில்லை. சரி, கோரிக்கை என்ன, அதையாவது சொல் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோரிக்கை இருந்தது, ஒரே ஒரு வீடு. சொல்லியிருக்கலாம். என் வேலைக்கார இங்கிலீஷில் அது எப்படிப் போய்ச் சேருமோ என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் யாரோ விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு பட்டறைக்கு வரும்போது அவர் வாயிலிருந்த பைப்பை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

தேநீரை மறுத்த அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. எஸ்தர் அக்கா வீட்டில் தையல் மிஷின் உண்டு. லயத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் ரவிக்கை தைப்பார். நான் கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து மிஷினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். அந்த மெல்லிய எண்ணெயைப் பார்த்ததும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஒரு சொட்டை விரலில் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். "இது எங்கத்த எண்ணெயிங்க அக்கா?" என்றேன். "அவுக கார்ல மிஞ்சுத எண்ணெய் தம்பி. பூப்போல ஓடுது மிஷின். அடுக்களையில ஒரு டின்னு நெறய கெடக்கு" என்றார் பெருமையாக.

யேசுவடியானை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் பேரிக்காய் மரத்தடியில் நிறுத்திக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. "நான் தெனம் காலைல வண்டிய எடுக்கதுக்கு முன்னாடி கம்பிய விட்டுப் பாத்துருவேன் பாய். ஒரு நாள் தவறுனதில்ல. கோயமுத்தூர்ல சர்வீஸ் பண்ணிட்டு வந்தா அளவுக்கு மேலேல்லா நிக்கும். அங்க உள்ளவன் வேணும்னே கூடுதலா ஊத்தி வச்சிருதான். எண்ணெ கூடுனா சீல் போயிருமேன்னு நான் வடிச்சு எடுத்துருவேன்" என்றார். லாரி ஓட்டிப் பழகியவர் அவர். எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போதுதான் எண்ணெய் பார்க்க வேண்டும் என்பது லாரிக்காரர் வேதம். இந்தப் பெட்டிக்கு அது செல்லாது. வண்டி நின்றுவிட்டால் மேலே சுழன்ற எண்ணெயெல்லாம் இரவோடு இரவாகக் கீழே வடிந்து தங்கிவிடும். காலையில் கம்பியில் அளவுக்கு மேல்தான் காட்டும். எஞ்சின் சூடேறி ஓடும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும். அசாமில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் எனக்கு முதலில் சொல்லித்தந்ததே அதுதான். ஒவ்வொரு சர்வீசுக்குப் பிறகும் சரியாக ஊற்றிய எண்ணெயை இந்த மனுஷன் வடித்திருக்கிறார். மீதியைச் சீல் கசிவு பார்த்துக்கொண்டது. அலட்சியக்காரன் கையில் இருந்திருந்தால் அந்த வண்டி பிழைத்திருக்கும். தினமும் அக்கறையாகப் பார்த்தே அதை எரித்துவிட்டார்.

விளங்கச் சொன்னதும் அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "தொர கேப்பாரு. நீங்க உள்ளதச் சொல்லிருங்க பாய். வீட்டு விசயம் குரியன் எங்கிட்டயும் சொன்னாரு. உங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். இப்படிச் சொன்னதும் அவர் மேல் எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. நல்லவனாக இருந்து தொலைக்கிறானே மனுஷன் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே பட்டறைக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பொல்லாதவை. யேசுவடியான் மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. அக்கா முன்போலவே கஞ்சி வைத்தார். இப்போது அதில் வெந்தயம் அளவாக இருந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் குடித்தேன். ஒருநாள், "பெருநாளைக்கு உங்க பிள்ளைக்கு ஒரு கவுன் தச்சுத் தாரேன், எம்புட்டு உசரம் இருப்பா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவர் தன் முழங்கையால் அந்த உயரத்தை அளந்து மனதில் வைத்துக்கொண்டார். ரோஜாப்பூப் போட்ட மஞ்சள் துணி. மிஷின் ஓடும்போது அந்த எண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால் போதும், பொய்கூட வேண்டாம், நூர்ஜஹான் இங்கே வந்துவிடுவாள் என்று ஒரு மனம். இந்த மிஷினை யார் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு இந்த மலையை இறங்குவார்கள் என்று இன்னொரு மனம். நடுவில் நான் தக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை மாட்டியபோது தக்கைகள் எண்ணெயில் ஊதிப்போய்த் தகடுகள் ஒன்றையொன்று விடவில்லை. திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றி இன்னும் மெலிதாகத் தேய்த்தேன். பட்டையின் திருகை இறுக்கினால் கியர் மாறும்போது வண்டி குதிரைபோல் துள்ளியது. தளர்த்தினால் பழையபடி ஓலம். இறுக்கித் தளர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கி, கடைசியில் ஒரு சாயங்காலம் பாக்டரி மேட்டில் கியர் மாறியதே தெரியாமல் மாறியது. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், ஆனால் சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொன்னால் அடுத்த கேள்வி வந்துவிடும்.

போடி வியாபாரி வந்தார். நான் ஓட்டினேன், துரை பக்கத்தில், வியாபாரி பின்னால். கீழேயிருந்து மெட்டு வரைக்கும் ஒரு இடத்தில்கூட எஞ்சின் கத்தவில்லை. உச்சியில் நிறுத்தியதும் வியாபாரி இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். துரை என் பக்கம் திரும்பி மறக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். வண்டியா, ஆளா?

நான் சட்டைப்பையிலிருந்து பழைய சீல் வளையத்தை எடுத்துக் காட்டினேன். வயசு சார், ரப்பர் செத்துப்போச்சு, எண்ணெய் ஒழுகிப்போச்சு என்றேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. துரை அந்த வளையத்தை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு கீழே தெரிந்த சமவெளியைப் பார்த்துக்கொண்டு, வயசான வண்டி இங்கேயே தங்கப்போகிறது, நான்தான் போகவேண்டும் என்றார். இருபத்தைந்து வருஷம் இந்த மலையில் இருந்தவர். சீமையில் அவருக்காக யார் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களோ தெரியாது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. அவர் போவதற்கு முன் என்னை வேலையில் நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீடு? வீடு காலியானால் பார்க்கலாம் என்றார் குரியன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. யேசுவடியானுக்கு அடுத்த துரையின் ஜீப்பு கிடைத்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எஞ்சின் ஓடும்போதுதான் பாக்கணும், என்ன?" என்று மட்டும் கேட்டார். "அது ஜீப்பு அண்ணாச்சி, அதுக்கு உங்க பழைய வழிதான்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மலையில் மஞ்சு, பிறை பார்க்க வழியில்லை. பெருநாள் தப்பாமல் இருக்க முன்கூட்டியே லீவு எடுத்துப் போடிக்கு இறங்கி பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். வீடு இல்லை என்றதும் அத்தா தராசுத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். கடையில் உட்காரமாட்டேன் என்பதை நானும் வாயைத் திறந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. நூர்ஜஹானிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிவில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக்கா அழுதுட்டு எறங்கிப் போன ஊட்டுல நான் போயி அடுப்புப் பத்த வெக்கோணுமாக்கும்? நீங்க செஞ்சது செரிதானுங்க" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பெருநாள் கழிந்த மறுநாள் அவள் புதுநகரத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று.

பெருநாள் காலையில் பையைத் திறந்து கவுனை எடுத்தேன். ஜமீலா கதவுக்குப் பின்னால் நின்று என்னை யாரோ விருந்தாளியைப்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜாப்பூவைக் கண்டதும் வந்தாள். நூர்ஜஹான் அவள் தலைவழியாகக் கவுனைப் போட்டாள். அது தோளோடு நின்றுவிட்டது. கை நுழையவில்லை. இழுத்துப் பார்த்தோம், தையல் விடுகிற சத்தம் கேட்டது. நான் மலையில் எழுந்து நின்று கையை வைத்துக் காட்டிய உயரம் நான் விட்டுவிட்டுப் போன பிள்ளையின் உயரம். அவள் வளர்ந்துவிட்டாள் என்பது என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளை கவுன் வேண்டுமென்று அழுதது. "என்னமோ எண்ணெ வாசமடிக்குதுங்க" என்றாள் நூர்ஜஹான், துணியை முகர்ந்து. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு நூல்கயிற்றை எடுத்து, பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பிடித்து அறுத்தாள். தோள் இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு. "அந்தக்காகிட்டக் குடுங்க. பிரிச்சுத் தைக்கட்டும்" என்றாள்.

கயிற்றைச் சட்டைப்பையிலும் கவுனைப் பையிலும் வைத்துக்கொண்டு மலையேறினேன். எஸ்தர் அக்கா கயிற்றை மேஜைமேல் நீட்டி, அதன் பக்கத்தில் கவுனை விரித்துப் பார்த்தார். "பிள்ள வளந்துட்டால்லா தம்பி" என்றார். பிரித்துத் தைத்தால் போதாது, புதுத்துணிதான் எடுக்கவேண்டும், கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். கயிறு தொலைந்துவிடாமல் இருக்க அதை மிஷினுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். நோன்பு முடிந்துவிட்டது, ஆனாலும் சாயங்காலமானால் என் கால் அந்த வீட்டுக்குப் போகிறது. போனால் கண் முதலில் அந்த ஆணிக்குத்தான் போகும். வெளியே மழை பிடித்துவிட்டது. என் மகள் புதுநகரத்தில் இருக்கிறாள், அவள் உயரம் இங்கே தொங்குகிறது. போனவாரம் காற்றில் ஆடிய அந்தக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். அதுவும் இதற்குள் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருக்கும்.